சிலேட்டும் முழங்கையும்: கணிதமேதை இராமானுஜனும் நம் அல்ஜீப்ராவும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழு நண்பர்கள் கேட்டபோது முதலில் தயங்கினேன். விடுதி மெஸ் சாம்பாரைப் பற்றியும், கட் அடித்துவிட்டுப் பார்த்த சினிமாக்களைப் பற்றியும் என்னைவிடச் சுவையாக எழுத நம்மில் பலர் இருக்கிறார்கள். முப்பத்து மூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவனிடம் என்ன இருக்கும்? சாக்பீஸ் தூசிதான் இருக்கும். ஆனாலும் ஒரு கடன் பாக்கி இருக்கிறது. அதை இந்த மலரிலேயே தீர்த்துவிடலாம் என்று பேனாவை எடுத்துவிட்டேன்.

1972-ஆம் ஆண்டு புகுமுக வகுப்புத் தேர்வு முடிவு பேப்பரில் வந்த அன்று, என் நம்பர் அதில் இல்லை. கணிதத்தில் நல்ல மார்க். ஆங்கிலத்தில் அவுட். தமிழ் மீடியத்திலிருந்து வந்தவன் நான். அல்ஜீப்ரா மட்டும்தான் பாஷை தெரியாமலே புரிந்தது. அதனால் வருஷம் முழுக்க அதையே போட்டுக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் காம்போசிஷன் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. மளிகைக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அப்பா ஒன்றும் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். மாமாதான் சமாதானம் சொன்னார். கணக்கில் கெட்டிக்காரனாக இருக்கிறவன் இங்கிலீஷில் கோட்டைவிடுவது சகஜம், கும்பகோணம் இராமானுஜனே காலேஜில் பெயிலானவர்தானே என்றார். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. பெயிலானதிலேயே ஒரு பெருமை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்தப் பெருமையோடுதான் நம் கல்லூரிக் கணிதப் பேராசிரியரைப் பார்க்கப் போனேன். சார் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. திண்ணையில் உட்காரச் சொல்லி, இராமானுஜனின் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார். அன்றைக்குக் கேட்டதையும், பிறகு நானாகப் படித்துச் சேர்த்துக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

சாரங்கபாணி சன்னதித் தெரு

இராமானுஜன் பிறந்தது 1887 டிசம்பர் 22-ஆம் தேதி, ஈரோட்டில், தாயாரின் பிறந்த வீட்டில். வளர்ந்ததெல்லாம் கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில். தந்தை சீனிவாச ஐயங்கார் ஜவுளிக்கடையில் குமாஸ்தா. தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பாடுபவர். சம்பளம் போதாத குடும்பம். அதனால் கல்லூரி மாணவர்களை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போடுவார்கள். அந்த மாணவர்கள் மூலமாகத்தான் லோனி எழுதிய திரிகோணமிதிப் புத்தகம் சிறுவனின் கைக்கு வந்தது. பதின்மூன்று வயதுக்குள் அதைக் கரைத்துக் குடித்துவிட்டார்.

டவுன் ஹைஸ்கூலில் படிக்கும்போது மேல் வகுப்பு மாணவர் ஒருவர் அவரிடம் ஒரு கணக்கு கொடுத்தாராம். இரண்டு எண்கள். முதல் எண்ணின் வர்க்கமூலத்தோடு இரண்டாவது எண்ணைக் கூட்டினால் 7. முதல் எண்ணோடு இரண்டாவதின் வர்க்கமூலத்தைக் கூட்டினால் 11. எண்கள் எவை? அரை நிமிஷத்தில் 9, 4 என்று பையன் சொல்லிவிட்டான்.

சார் இதைச் சொல்லிவிட்டு, என்னையும் போடச் சொன்னார். இரண்டாவது எண்ணின் வர்க்கமூலத்தை ம என்று வைத்துக்கொண்டு முறைப்படி போனேன். ம⁴ − 14ம² + ம + 38 = 0 என்று வந்து நின்றது. நாற்படிச் சமன்பாடு! இருபடிக்குத்தான் எங்களுக்குச் சூத்திரம் தெரியும். முழித்தேன். 2 என்று போட்டுப் பார் என்றார். 16 − 56 + 2 + 38, சரியாகப் பூச்சியம். ம − 2 ஆல் வகுத்தால் ம³ + 2ம² − 10ம − 19 மிச்சம். அதற்கும் 3.13-க்குப் பக்கத்தில் ஒரு மூலம் இருக்கிறது. அப்படியானால் இன்னொரு விடையும் உண்டா? கொண்டுபோய் முதல் சமன்பாட்டில் போட்டால், முதல் எண்ணின் வர்க்கமூலம் மைனஸில் வருகிறது. ஆகவே தள்ளுபடி. கிடைத்த விடையைத் திரும்ப வைத்துப் பார்க்காதவனுக்கு வர்க்கமூலக் கணக்கு எப்போதும் காலை வாரிவிடும் என்பதை அந்தத் திண்ணையில்தான் தெரிந்துகொண்டேன்.

இராமானுஜன் அதோடு நிற்கவில்லை. முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் வழியை 1902-இல் கற்றுக்கொண்டார். நாற்படிக்குத் தன் சொந்த முறை ஒன்றையே கண்டுபிடித்தார். அடுத்து ஐந்தாம் படிக்குப் போனார், முடியவில்லை. அது அவர் குற்றமில்லை. வர்க்கமூலம், கனமூலம் என்று மூலங்களை மட்டும் வைத்து ஐந்தாம் படிக்குப் பொதுச் சூத்திரம் எழுதவே முடியாது என்று நார்வே நாட்டு ஏபெல் 1824-லேயே நிறுவியிருந்தார். அந்தச் செய்தி கும்பகோணத்துப் பையனுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.

காரின் புத்தகம்

1903-இல் நண்பர் ஒருவர் மூலமாக ஒரு நூலகப் புத்தகம் அவர் கைக்கு வந்தது. லண்டனில் பரீட்சைக்கு ட்யூஷன் எடுத்துக்கொண்டிருந்த ஜி.எஸ். கார் என்பவர் தொகுத்தது. ஏறக்குறைய ஐயாயிரம் கணித முடிவுகளை வரிசையாக நம்பர் போட்டு அடுக்கிய நூல். நிரூபணம் பெரும்பாலும் கிடையாது. இருந்தாலும் ஒரு வரி, இரண்டு வரி. நம்ம ஊர் கைடு மாதிரி என்று சொன்னால் தப்பில்லை. ஆரம்பமே அல்ஜீப்ராதான். காரணிப்படுத்துதல், அடுக்குகள், இருபடிச் சமன்பாடு, மூலக் கோவைகள் என்று நாம் ஒன்பதாவது பத்தாவதில் மல்லுக்கட்டியதெல்லாம் அதில் இருக்கின்றன.

நம்மில் எத்தனை பேர் கைடை வாங்கி, விடையை மூடிவைத்துவிட்டுக் கணக்கைப் போட்டிருப்போம்? இராமானுஜன் அதைத்தான் செய்தார். நிரூபணம் இல்லாத ஒவ்வொரு வரியையும் தானே போட்டு வரவழைத்தார். வேறு வழியும் இல்லை, உதவிக்கு வேறு புத்தகமும் இல்லை. பேப்பர் விலைக்குக் கட்டுப்படியாகாது. அதனால் சிலேட்டு. எழுதுவார், துணியைத் தேடப் பொறுமையில்லாமல் முழங்கையால் அழிப்பார், மறுபடி எழுதுவார். முழங்கை கறுத்துப்போகும் அளவுக்கு இது நடந்தது. வழி சிலேட்டோடு அழிந்துபோகும். முடிவு மட்டும் நோட்டில் ஏறும். அவருடைய நோட்டுப் புத்தகங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் இருந்தும் நிரூபணங்கள் அபூர்வமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாமகிரித் தாயாரின் அருளால்தான் தனக்கு எல்லாம் வருகிறது என்று அவர் நம்பினார். அது அவருடைய நம்பிக்கை. அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் கனவில் வந்ததைப் பற்றி மட்டுமே பேசிவிட்டு, முழங்கையை மறந்துவிடுகிறோமே, அதுதான் எனக்கு வருத்தம்.

பெயிலானதன் விலை

இனிமேல்தான் என் மாமா சொல்லாமல் விட்ட பகுதி வருகிறது.

1904-இல் பள்ளிப் படிப்பை முடித்தபோது கணிதப் பரிசு அவருக்குத்தான். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. அங்கே கணிதத்தைத் தவிர வேறெதையும் தொடவில்லை. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்றார். உதவித்தொகை போயிற்று. பணம் கட்டிப் படிக்க வீட்டில் வசதி இல்லை. 1905-இல் யாருக்கும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறிவிட்டார். மறு வருஷம் சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கே உடற்கூறு சார்ந்த உடலியல் பாடம் கழுத்தைப் பிடித்தது. 1906-இல் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. 1907-இல் மறுபடி எழுதி, மறுபடி தோல்வி. அத்தோடு கல்லூரிப் படிப்பு முடிந்தது.

இங்கே நிறுத்திவிட்டு சார் என்னை ஒரு கணக்குப் போடச் சொன்னார். 1907-இலிருந்து 1912 வரை எத்தனை வருஷம்? ஐந்து. இருபதிலிருந்து இருபத்துநாலு வரை, ஒரு கணித மூளை உச்சத்தில் இருக்கிற வயது. அந்த ஐந்து வருஷமும் வேலை இல்லை, பட்டம் இல்லை, பல நாள் வயிறாரச் சோறும் இல்லை. 1909-இல் ஜானகி அம்மாளோடு கல்யாணம் வேறு ஆகிவிட்டது. நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். மொத்தம் முப்பத்திரண்டு வருஷம்தான் வாழ்ந்தவர் அவர். அதில் ஐந்து என்றால் எவ்வளவு பெரிய பங்கு என்று நீங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயிலானதால் அவர் மேதை ஆகவில்லை. பெயிலாகியும் மேதையாக இருந்தார். இரண்டும் ஒன்றல்ல. சார் இதைச் சொன்னபோது எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

நோட்டைத் திறந்து பார்த்தவர்கள்

1910-இல் அவர் திருக்கோவிலூருக்குப் போய், இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவிய டெபுடி கலெக்டர் வி. இராமசாமி ஐயரைப் பார்த்தார். தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை கிடைத்தால் போதும் என்பதுதான் கோரிக்கை. ஐயர் நோட்டைத் திறந்து பார்த்தார். இந்த ஆளைத் தாலுகா ஆபீசில் அடைப்பது பாவம் என்று புரிந்துகொண்டு, சென்னைக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தனுப்பினார். அந்த வழியாகத்தான் நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவ் அறிமுகமானார். மாதம் இருபத்தைந்து ரூபாய் தன் கையிலிருந்து கொடுத்தார் அவர்.

1911-இல் சங்கத்தின் இதழில் வாசகர்களுக்கு ஒரு கணக்கு விட்டார் இராமானுஜன். பார்க்கப் பயமாக இருக்கும். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம், அதற்குள் இன்னொன்று என்று முடிவே இல்லாமல் போகும்.

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …))))

இதன் மதிப்பு என்ன? ஆறு மாதமாகியும் யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே சொன்னார். விடை 3.

இதற்கு வேண்டிய சரக்கு என்ன தெரியுமா? எட்டாவது படிக்கிற பையனுக்குத் தெரிந்த வர்க்க வித்தியாசச் சூத்திரம்தான். எந்த எண்ணின் வர்க்கமும், அதற்கு முந்திய எண்ணையும் பிந்திய எண்ணையும் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வரும். 3² = 1 + 2×4. ஆகவே 3 = √(1 + 2×4). அந்த 4-ஐ √(1 + 3×5) என்று மாற்று. அந்த 5-ஐ √(1 + 4×6) என்று மாற்று. போய்க்கொண்டே இருக்கலாம். அட, இவ்வளவுதானா என்று தோன்றும். கண்டுபிடித்தவர் சொன்ன பிறகு எல்லாமே இவ்வளவுதான்!

ஆனால் மாணவச் செல்வங்களே, உஷார். 3-க்குப் பதிலாக 4-ஐ எடுத்துக்கொண்டு, 4 = √(1 + 2×7.5) என்று தொடங்கி, 7.5-ஐ அதே மாதிரி பிரித்துக்கொண்டும் போகலாம். அப்படியானால் விடை 4 என்றும் சாதிக்கலாமே? கூடாது. நடுவில் நிறுத்தி நிறுத்தி மதிப்பைப் பார்க்க வேண்டும். 4-ஓடு நிறுத்தினால் 2.56, இன்னொரு மாடி ஏறி 5-ஓடு நிறுத்தினால் 2.76 என்று ஏறிக்கொண்டே போய் 3-ஐ நெருங்குகிறது, தாண்டுவதில்லை. பிரிப்பது பாதி வேலை, எங்கே போய்ச் சேர்கிறது என்று நிரூபிப்பது மீதி வேலை. இந்த மீதிப் பாதியைத்தான் பின்னால் கேம்பிரிட்ஜில் அவர் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஐம்பதுக்கும் மேற்பட்ட கணக்குகளை அவர் அந்த இதழுக்கு அனுப்பினார். எனக்கு மிகவும் பிடித்த ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2-இன் கனமூலத்திலிருந்து 1-ஐக் கழித்து, வந்ததற்கு மறுபடி கனமூலம் எடுக்க வேண்டும்:

∛(∛2 − 1) = ∛(1/9) − ∛(2/9) + ∛(4/9)

∛2-ஐ க என்று வையுங்கள். அப்போது க³ = 2. வலது பக்கம் (1 − க + க²) / ∛9 ஆகிறது. க³ + 1 = (க + 1)(க² − க + 1) என்பது தெரிந்ததுதானே? க³ + 1 என்பது 3. ஆகவே மேலே இருப்பது 3/(1 + க). இப்போது முழுவதையும் கனப்படுத்தினால், 27-ஐ 9 ஆல் வகுத்து 3. கீழே (1 + க)³, அதாவது 1 + 3க + 3க² + 2, அதாவது 3(1 + க + க²). மிஞ்சுவது 1/(1 + க + க²). மேலும் கீழும் க − 1 ஆல் பெருக்குங்கள். கீழே க³ − 1, அதாவது 1. மேலே க − 1. முடிந்தது! கன வித்தியாசம், கனக் கூட்டல், பகுதியை விகிதமுறு எண்ணாக்குதல். பத்தாம் வகுப்புக்கு மேல் ஒரு சரக்கும் இதில் இல்லை. ஆனால் இந்தச் சரக்கை ஆயிரம் தடவை கையால் போட்டுப் போட்டுப் பழகாதவனுக்கு இது தோன்றவே தோன்றாது.

கேம்பிரிட்ஜும் அதன் பிறகும்

மிச்சக் கதை உங்களுக்குத் தெரியும். சுருக்கமாகச் சொல்கிறேன். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்குக் கடிதம். அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தில் மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை. அப்போதும் பட்டம் இல்லாதவருக்குக் கொடுக்கலாமா என்ற கேள்வி எழாமல் இல்லை. 1914 மார்ச் 17-இல் நெவாசா கப்பலில் பயணம். 1916-இல் ஆராய்ச்சியின் பேரில் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம். 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், டிரினிட்டி கல்லூரி ஃபெல்லோ.

அந்த 1918-லேயே ஹார்டியும் அவரும் சேர்ந்து எண் பிரிவினைகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். 4 என்ற எண்ணை ஐந்து விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம். 200-ஐ எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? 39,72,99,90,29,388 விதமாக! இவ்வளவு பெரிய எண்ணைத் தோராயமாகத் தரும் அவர்களுடைய சூத்திரத்தைத் திறந்து பார்த்தால், ஓர் அடுக்கு, அந்த அடுக்குக்குள் ஒரு வர்க்கமூலம். கும்பகோணத்துச் சிலேட்டில் எழுதி அழித்த அதே சாமான்கள்தான்.

யுத்த காலம், சைவச் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு, ஓயாத உழைப்பு எல்லாம் சேர்ந்து 1917-இல் படுக்கையில் தள்ளின. 1919-இல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி சென்னை சேத்துப்பட்டில் காலமானார். கடைசி மாதங்களிலும் படுத்தபடியே எழுதிக்கொண்டிருந்தார். அந்தத் தாள்கள் 1976-இல்தான் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன. அவருடைய பிறந்த நாளைத் தேசிய கணித தினமாக 2012 முதல் கொண்டாடி வருகிறோம்.

நமக்கு என்ன?

அன்று மாலை சார் வீட்டிலிருந்து திரும்பும்போது கடைத்தெருவில் ஒரு சிலேட்டு வாங்கினேன். அல்ஜீப்ராவுக்கு அது. கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு, தினம் ஒரு பக்கம் இங்கிலீஷ் காம்போசிஷன் எழுத. நோட்டு தீர்வதற்குள் பத்துத் தடவை சார் திருத்திக் கொடுத்தார். அவர் கணக்கு வாத்தியார், இங்கிலீஷ் திருத்துவது அவர் வேலையே இல்லை. செப்டம்பரில் எழுதினேன். பாஸ். அப்பா அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. கடையிலிருந்து வரும்போது அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கி வந்தார். அடுத்த வருஷம் நம் கல்லூரியிலேயே பி.எஸ்ஸி. கணிதம் சேர்ந்தேன்.

இன்று படிக்கிற பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை. செல்போனில் தட்டினால் இருபடிச் சமன்பாட்டின் விடை வந்துவிடுகிறது. வரட்டும். ஆனால் விடையை மூடிவைத்துவிட்டு, நாளுக்குப் பத்துக் கணக்காவது கையால் போடுங்கள். அரியர்ஸ் வைத்துக்கொண்டு இராமானுஜனைத் துணைக்கு அழைக்காதீர்கள். அவர் கொடுத்த விலையை நம்மால் கொடுக்க முடியாது.

என் வயதுக்கார நண்பர்களுக்கும் ஒன்று. கும்பகோணத்து முழங்கை எவ்வளவு தேய்ந்திருந்தாலும், திருக்கோவிலூரில் ஒருவர் நோட்டைத் திறந்து பார்க்காமல் இருந்திருந்தால், நெல்லூர் கலெக்டர் மாதாமாதம் இருபத்தைந்து ரூபாய் கொடுக்காமல் இருந்திருந்தால், அது வெளியே தெரிந்திருக்காது. நம் சங்கம் ஆண்டுதோறும் ஏழை மாணவருக்குப் பரிசு கொடுக்கிறது, நல்லது. ஆனால் பரிசு முதல் மார்க் வாங்கியவனைத்தான் தேடிப்போகிறது. ஒரு பாடத்தில் நூறும், இன்னொன்றில் பெயிலுமாக ஒரு பிள்ளை ஓரமாக நிற்கும். சந்திப்பு முடிந்து ஊருக்குக் கிளம்புவதற்கு முன் கணிதத் துறைப் பக்கம் போய், அந்தப் பிள்ளை யார் என்று விசாரியுங்கள். அதன் நோட்டை ஒரு தடவை வாங்கிப் பாருங்கள்.

என் சிலேட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது. ஓரத்துச் சட்டம் உடைந்துவிட்டது. பேத்தி அதில் பூ வரைகிறாள், அழிக்கத் துணி தேடுவதில்லை. முழங்கைதான்.

(புகுமுக வகுப்பு 1971–72, பி.எஸ்ஸி. கணிதம் 1973–76)